ஃபைப்ரோஸ்கேன் மூன்று முறை எடுத்தபின் எழுதுவது

வேறு ஏதோ வயிற்று உபாதைக்காக எடுத்த அல்ட்ராசவுண்ட் அது. உபாதை இரண்டு நாளில் போய்விட்டது, ஆனால் ரிப்போர்ட்டின் கடைசி வரியில் இருந்த ‘ஃபேட்டி லிவர், கிரேடு 2’ என்பது மட்டும் மண்டையை விட்டுப் போகவில்லை. வலி இல்லை, பசி குறையவில்லை, மஞ்சள் காமாலை இல்லை. கல்லீரலின் உள்ளே வலியை உணரும் நரம்புகள் கிடையாது, அதைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையில்தான் இருக்கின்றன, அதனால் உள்ளே என்ன நடந்தாலும் வெகுகாலம் சத்தமே வராது என்பதெல்லாம் எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்ததெல்லாம் கிரேடு 2 என்றால் நோய் பாதி தூரம் வந்துவிட்டது என்பதுதான். அது தவறு. அந்தத் தவறிலேயே நான் பல மாதம் இருந்தேன்.

அதிலிருந்து வெளியே வர உதவிய பரிசோதனை ஃபைப்ரோஸ்கேன், தழும்பால் கல்லீரல் எவ்வளவு விறைத்திருக்கிறது என்று வெளியிலிருந்தே அளப்பது. ஒன்றரை வருடத்தில் மூன்று முறை எடுத்திருக்கிறேன். ஒரு முறை மோசமாக எடுக்கப்பட்டது, இரண்டு முறை நன்றாக எடுக்கப்பட்டது. எங்கே எடுத்தேன் என்று எழுதப்போவதில்லை, பரிசோதனையைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஆனால் அது தரும் இரண்டு எண்களைப் புரிந்துகொள்ள நோயைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும்.

கிரேடு என்ற சொல்லில் தொடங்குகிறேன். அல்ட்ராசவுண்டில் கொழுப்புள்ள கல்லீரல் வெள்ளையாக, பளிச்சென்று தெரியும். எவ்வளவு பளிச்சென்று தெரிகிறது என்பதை வைத்து 1, 2, 3 என்று எழுதுகிறார்கள். அவ்வளவுதான். அது கொழுப்பின் அளவைக் கண்ணால் பார்த்துப் போட்ட மதிப்பீடு. கல்லீரல் செல்களில் 5 விழுக்காட்டுக்கு மேல் கொழுப்பு சேர்ந்தாலே அது கொழுப்புக் கல்லீரல், ஆனால் 20, 30 விழுக்காட்டை எட்டும்வரை சாதாரண அல்ட்ராசவுண்ட் அதைத் தவறவிடக்கூடும். நோய் எங்கே போகப்போகிறது என்பதைத் தீர்மானிப்பது கொழுப்பைவிடத் தழும்புதான். கொழுப்பு சேர்ந்த செல்கள் சிலருக்கு அப்படியே அமைதியாக இருக்கும், சிலருக்கு வீங்கி அழற்சியாகும், அழற்சி வருடக்கணக்கில் நீடித்தால் அந்த இடத்தில் நார்த்திசு படிந்து தழும்பாகும். அந்தத் தழும்பைத்தான் எஃப்0 முதல் எஃப்4 வரை அளக்கிறார்கள், எஃப்4 என்றால் சிரோசிஸ். தொடக்கநிலைத் தழும்பை அல்ட்ராசவுண்ட் படத்தில் பார்த்துச் சொல்ல முடியாது. கிரேடு 3 உள்ளவருக்குத் தழும்பே இல்லாமல் இருக்கலாம், கிரேடு 1 உள்ளவருக்கு எஃப்3 இருக்கலாம். இந்த ஒரு விஷயத்தை அன்றைக்கே யாராவது ஒரு வரியில் எழுதிக் கொடுத்திருந்தால் எத்தனையோ இரவு தூங்கியிருப்பேன்.

தூங்காமல் நான் செய்த காரியம் என்னவென்றால், கொழுப்பு என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு எண்ணெயை அறவே நிறுத்தினேன், அதற்குப் பதிலாகக் காலை மாலை பழச்சாறு குடித்தேன். மூன்று மாதம். கல்லீரல் செல்கள் பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் ஏறும் எஸ்ஜிபிடி என்ற நொதி 61க்குப் போனது, முன்பு இருந்ததைவிடக் கூடுதல். ஏன் என்று கல்லீரல் மருத்துவர் பொறுமையாக விளக்கினார். கல்லீரலில் சேரும் கொழுப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்த்த ஓர் ஆய்வில் கிட்டத்தட்ட 59 விழுக்காடு உடம்பின் கொழுப்புத் திசுக்களிலிருந்து கசிந்து வந்தது, 26 விழுக்காடு கல்லீரல் தானே சர்க்கரையிலிருந்து தயாரித்தது, சாப்பாட்டிலிருந்த கொழுப்பு நேராகப் போய்ச் சேர்ந்தது 15 விழுக்காடுதான். இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது கொழுப்புத் திசு தன் சரக்கைப் பிடித்து வைத்துக்கொள்ளாமல் ரத்தத்தில் விடுகிறது, அதே நேரம் ரத்தத்தில் ஏறியிருக்கும் இன்சுலின் கல்லீரலைப் புதிதாகக் கொழுப்பு தயாரிக்கத் தூண்டுகிறது. இரண்டு பக்கமும் அடி. இதில் ஃப்ரக்டோஸ் என்ற பழச்சர்க்கரை பெரும்பாலும் கல்லீரலிலேயே செலவாகிறது, நாரை எறிந்துவிட்டுச் சாறாகக் குடித்தால் ஒரே நேரத்தில் நிறையப் போய் இறங்குகிறது. முழுப் பழத்தைக் கடித்துத் தின்பது வேறு, நாலு பழத்தைப் பிழிந்து ஒரே மூச்சில் குடிப்பது வேறு. நான் மூன்று மாதமாகச் செய்துகொண்டிருந்தது இரண்டாவது.

குண்டானவர்களுக்குத்தான் இது வரும் என்பதும் முழு உண்மையில்லை. தொப்பை மட்டும் உள்ள ஒல்லியானவர்களுக்கும் வருகிறது. பிஎன்பிஎல்ஏ3 என்ற மரபணுவில் ஒரு மாற்றம் கல்லீரல் கொழுப்போடு தொடர்புடையது என்று 2008ல் கண்டுபிடித்தார்கள், அது இருப்பவர்களுக்கு எடை அதிகமில்லாவிட்டாலும் ஆபத்து கூடுகிறது. தைராய்டு குறைவு, சினைப்பை நீர்க்கட்டி, தூக்கத்தில் மூச்சு தடைப்படுவது, ஸ்டீராய்டு, டமாக்சிஃபென், அமியோடரோன், மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகள், ஹெபடைடிஸ் சி என்று பட்டியல் நீளம். மதுவைப் பற்றி ஒரு நாளைக்கு எவ்வளவு என்று மருத்துவர் நேராகவே கேட்டார், நானும் நேராகவே பதில் சொன்னேன். தயவுசெய்து குறைத்துச் சொல்லாதீர்கள். பெண்களுக்கு நாளொன்றுக்கு 20 கிராம், ஆண்களுக்கு 30 கிராம் ஆல்கஹால் என்ற கோட்டைத் தாண்டினால் நோயின் பெயரே மாறும், செய்ய வேண்டியதும் மாறும். 2023ல் மது சாராத கொழுப்புக் கல்லீரல் என்ற பழைய பெயரை எடுத்துவிட்டு, வளர்சிதை மாற்றக் கோளாறோடு சேர்ந்த கொழுப்புக் கல்லீரல் என்ற பொருளில் எம்ஏஎஸ்எல்டி என்று வைத்தார்கள். நோய் என்ன இல்லை என்று சொல்வதைவிட எதிலிருந்து வருகிறது என்று சொல்வது நல்லதுதானே. பழைய ரிப்போர்ட்டில் என்ஏஎஃப்எல்டி என்றும் புதியதில் எம்ஏஎஸ்எல்டி என்றும் இருந்தால் இரண்டு நோய் என்று பயப்பட வேண்டாம்.

சரி, ஃபைப்ரோஸ்கேனுக்கு வருகிறேன். அதற்கு முன்னால் ஒரு கணக்கு இருக்கிறது, ஃபிப்-4, தழும்பு இருக்கக்கூடுமா என்று ரத்த அளவுகளை வைத்துப் பார்ப்பது. வயதை எஸ்ஜிஓடி என்ற இன்னொரு நொதியின் அளவால் பெருக்க வேண்டும், பிளேட்லெட் எண்ணிக்கையை எஸ்ஜிபிடியின் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும், முதலாவதை இரண்டாவதால் வகுக்க வேண்டும். எனக்கு வயது 52, எஸ்ஜிஓடி 49, எஸ்ஜிபிடி 61, பிளேட்லெட் 215 (ஆயிரத்தில்). விடை 1.52. 1.3க்குக் கீழே இருந்தால் தீவிரத் தழும்பு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு, 2.67க்கு மேலே போனால் கவலைப்பட வேண்டும், நடுவில் இருந்தால் ஃபைப்ரோஸ்கேன் எடுத்துப் பார் என்பதுதான் வழக்கம். 65 வயதைத் தாண்டியவர்களுக்குக் கீழ்க்கோடு 1.3க்குப் பதில் 2. நான் நடுவில் இருந்தேன். இந்தக் கணக்குக்குத் தேவையான மூன்று ரத்த அளவுகளும் சாதாரண ரத்தப் பரிசோதனையிலேயே வந்துவிடும், பலர் கையில் ஏற்கெனவே இருக்கும். எஸ்ஜிபிடி மட்டும் இயல்பாக இருக்கிறதே என்று நிம்மதியடைய முடியாது, அது இயல்பாக இருக்கும்போதே தழும்பு இருப்பவர்கள் உண்டு.

முதல் முறை போன அனுபவம் நன்றாக இல்லை. நேரம் ஒதுக்கித் தந்தவர் சாப்பிடாமல் வரச் சொல்லவில்லை, நான் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போனேன். மல்லாந்து படுக்க வைத்து, வலது கையைத் தலைக்குப் பின்னால் வைக்கச் சொல்லி, விலா எலும்புகளுக்கு இடையில் ஜெல் தடவி, கருவியின் முனையை வைத்து ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். கையில் ஒரு தாள். விறைப்பு 9.4 கிலோபாஸ்கல், கேப் 312. பக்கத்தில் ‘எஃப்2-எஃப்3’ என்று பேனாவில் ஒரு கிறுக்கல். இது என்ன என்று கேட்டதற்கு டாக்டரிடம் காட்டுங்கள் என்றார்கள். எடுக்கும்போது வலி கொஞ்சமும் இல்லை, விரலால் மெல்லச் சுண்டுவதுபோல ஒரு தட்டு, அவ்வளவே. வலித்ததெல்லாம் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்த ஒன்பது நாள்தான்.

மருத்துவர் தாளைப் பார்த்தார், எண்ணைப் பார்ப்பதற்கு முன் அடியில் சின்ன எழுத்தில் இருந்த ஐக்யூஆர் என்ற இடத்தைப் பார்த்தார். 38 விழுக்காடு. சாப்பிட்டுவிட்டா போனீர்கள் என்று கேட்டார். ஆமாம் என்றதும் தாளை ஓரமாக வைத்துவிட்டார். கருவி குறைந்தது 10 சரியான அளவீடுகளை எடுத்து அவற்றின் நடு மதிப்பைத் தருகிறது. அந்தப் பத்தும் ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகியிருக்கின்றன என்பதுதான் ஐக்யூஆர், அது நடு மதிப்பில் 30 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். சாப்பிட்டதும் கல்லீரலுக்கு ரத்த ஓட்டம் கூடும், ரத்தம் கூடினால் விறைப்பும் கூடும், அதனால் குறைந்தது மூன்று மணி நேரமாவது வெறும் வயிறு வேண்டும். தழும்பே இல்லாமல் எண்ணை உயர்த்தும் வேறு காரணங்களும் இருக்கின்றன: இதயம் சரியாக இறைக்காமல் கல்லீரலில் ரத்தம் தேங்குவது, பித்தக்குழாய் அடைப்பு, கடுமையான ஹெபடைடிஸ். இதையெல்லாம் கேட்காமல் எண்ணை மட்டும் எழுதிக் கொடுப்பது நோயாளிக்குச் செய்யும் அநியாயம் என்றே நினைக்கிறேன்.

இரண்டாவது முறை வேறு இடம், காலையில் வெறும் வயிறு. ஸ்கேன் எடுத்த அம்மா முதலிலேயே கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்று கேட்டார், அப்போதே மனசுக்கு ஒரு நம்பிக்கை வந்துவிட்டது. கருவி எப்படி வேலை செய்கிறது என்றும் அவரே சொன்னார். முனை 50 ஹெர்ட்ஸில் ஒரு மெல்லிய அதிர்வைத் தோலில் தட்டுகிறது, அந்த அதிர்வு கல்லீரலுக்குள் அலையாகப் போகிறது, அல்ட்ராசவுண்ட் அந்த அலையின் வேகத்தை அளக்கிறது. விறைப்பான திசுவில் அலை வேகமாக ஓடும், மெத்தென்ற திசுவில் மெதுவாக ஓடும். வேகத்தை வைத்து விறைப்பைக் கிலோபாஸ்கலில் சொல்கிறது, 1.5 முதல் 75 வரை. கேப் என்பது அல்ட்ராசவுண்ட் கொழுப்பில் எவ்வளவு மங்குகிறது என்ற கணக்கு, 100 முதல் 400 வரை போகும், அது கொழுப்புக்கான எண். தோலுக்கும் கல்லீரலுக்கும் இடையில் கொழுப்புப் படலம் தடிமனாக இருந்தால் எம் முனைக்குப் பதில் எக்ஸ்எல் முனை போட வேண்டும், எனக்கு அதைத்தான் போட்டார். முதல் இடத்தில் எந்த முனை என்று தாளிலும் இல்லை, யாரும் சொல்லவும் இல்லை.

6.8 கிலோபாஸ்கல், ஐக்யூஆர் 14 விழுக்காடு, கேப் 304. விறைப்பு 8க்குக் கீழே இருந்தால் தீவிரத் தழும்பு இல்லை என்று பெரும்பாலும் நம்பிச் சொல்லலாம். அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு வண்டி நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து அழுதேன். கிரேடு 2 என்ற ஒரு சொல்லுக்கும் 9.4 என்ற ஒரு தப்பான எண்ணுக்கும் இடையில் எத்தனை மாதம் போய்விட்டது.

இந்தக் கருவியால் சொல்ல முடியாதவை உண்டு. இல்லை என்று சொல்வதில் இது கெட்டிக்காரன், இருக்கிறது என்று சொல்வதில் அவ்வளவு இல்லை. எண் குறைவாக வந்தால் நம்பலாம், உயர்ந்து வந்தால் மறுபடி எடுத்தும் வேறு பரிசோதனையோடு சேர்த்தும்தான் பார்க்க வேண்டும். அழற்சி இருக்கிறதா இல்லையா என்று இது பிரித்துச் சொல்லாது, அதற்கு இன்றைக்கும் ஊசியால் திசு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸிதான். பயாப்ஸி எடுப்பது கல்லீரலின் ஏறக்குறைய ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு, ஊசி போன இடத்தைப் பொறுத்து அதுவும் தவறலாம், ரத்தக் கசிவு ஆபத்தும் சிறிது உண்டு. அதனால் எல்லாருக்கும் அது தேவைப்படுவதில்லை. வயிற்றில் நீர் தேங்கியவர்களுக்கு ஃபைப்ரோஸ்கேன் சரியாக வராது. கேப் எண் ஐந்து பத்து ஏறி இறங்குவதைப் பார்த்து நாள் தோறும் மனம் ஏறி இறங்க வேண்டாம், அந்த எண்ணின் துல்லியம் அவ்வளவுதான்.

நடுவில் நான் வாங்கிக் குடித்த ‘லிவர் டீடாக்ஸ்’ சிரப்பைப் பற்றியும் எழுதியாக வேண்டும், ஏனென்றால் இதே பயத்தில் இருக்கும் யாரோ ஒருவர் இப்போது அதை வாங்கிக்கொண்டிருப்பார். இரண்டு மாதம் குடித்தேன். எஸ்ஜிபிடியில் ஒரு மாற்றமும் இல்லை. சிரப் பாட்டிலோடு போனபோது மருத்துவர் திட்டவில்லை, லேபிளை முழுவதும் படித்தார், நிறுத்துங்கள் என்றார். இத்தகைய சிரப்புகளில் வரும் சிலிமரின் என்ற மூலிகைச் சாறு பெரிய தீங்கு செய்வதாகத் தெரியவில்லை, ஆனால் கவனமாக நடத்திய சோதனைகளில் நோயைத் திருப்பியதாகவும் உறுதியாகவில்லை. அதோடு கலந்துவரும் கிரீன் டீ சாறு, அஸ்வகந்தா, செறிவூட்டிய மஞ்சள் மாத்திரைகள் சிலருக்குக் கல்லீரலையே கெடுத்திருக்கின்றன, மருத்துவமனையில் சேரும் அளவுக்கு. கல்லீரலைக் காப்பாற்றுகிறேன் என்று வாங்கியது கல்லீரலைக் கெடுப்பதைவிடக் கொடுமை என்ன இருக்கிறது? கல்லீரல் நாள் முழுக்க நச்சை வெளியேற்றுவதையே வேலையாகச் செய்கிறது, அதைக் கழுவ யாரும் வர வேண்டியதில்லை.

இனி சிகிச்சை. எடையைக் குறையுங்கள் என்ற அறிவுரை எல்லாரிடமும் கிடைக்கும், எவ்வளவு குறைத்தால் என்ன கிடைக்கும் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. உடல் எடையில் 5 விழுக்காடு குறைந்தால் கல்லீரல் கொழுப்பு குறைகிறது, 7 விழுக்காட்டில் அழற்சி அடங்கத் தொடங்குகிறது, 10 விழுக்காட்டைத் தாண்டினால் தழும்பே கரையத் தொடங்குகிறது. 2015ல் வெளியான ஓர் ஆய்வில் 293 பேரை ஒரு வருடம் பின்தொடர்ந்து, முன்னும் பின்னும் பயாப்ஸி எடுத்துப் பார்த்தார்கள். 10 விழுக்காட்டைத் தாண்டியவர்களில் 90 விழுக்காட்டினருக்கு அழற்சி நீங்கியிருந்தது, 45 விழுக்காட்டினருக்குத் தழும்பு குறைந்திருந்தது. ஆனால் அந்த இலக்கை எட்டியவர்கள் பத்தில் ஒருவர்தான். இந்தக் கடைசி எண்ணைப் படித்தபோது எனக்கு ஆறுதலாக இருந்தது, முடியாமல் போனதற்கு நான் மட்டும் சோம்பேறி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இன்னொன்று, எடை இறங்காவிட்டாலும் உடற்பயிற்சி மட்டுமே கல்லீரல் கொழுப்பைக் குறைக்கும், வாரத்துக்கு 150 நிமிட வேக நடை போதும். தராசு அசையாத மாதங்களில் என்னை நடக்க வைத்தது இந்த ஒரு தகவல். பட்டினி கிடந்து மளமளவென்று இறக்கவும் கூடாது, வாரத்துக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் இறங்கினால் பித்தப்பையில் கல் சேரும் ஆபத்து கூடுகிறது.

மருந்துகள் இப்போதுதான் வரத் தொடங்கியிருக்கின்றன. 2024 மார்ச்சில் ரெஸ்மெடிரோம் என்ற மாத்திரைக்கும் 2025 ஆகஸ்டில் செமாக்ளூடைட் ஊசிக்கும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ ஒப்புதல் தந்தது. இரண்டும் எஃப்2, எஃப்3 தழும்போடு அழற்சியும் உள்ளவர்களுக்குத்தான், சிரோசிஸ் வந்தவர்களுக்கு இல்லை, வெறும் கொழுப்பு மட்டும் உள்ளவர்களுக்கும் இல்லை. வைட்டமின் ஈயை 2010ல் வந்த ஒரு சோதனையில் நாளுக்கு 800 யூனிட் கொடுத்துப் பார்த்தார்கள், சர்க்கரை நோய் இல்லாதவர்களில் 43 விழுக்காட்டினருக்கு முன்னேற்றம், மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 19 விழுக்காடு. நல்ல எண்தான், ஆனாலும் அவ்வளவு அளவை வருடக்கணக்கில் எடுப்பதில் ஆபத்தும் இருப்பதால் மருத்துவர் சொல்லாமல் தொடவே கூடாது. இந்த நோய் உள்ளவர்களின் உயிரை அதிகம் பறிப்பது கல்லீரல் அல்ல, இதயம். எனக்குக் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் எழுதிக் கொடுத்தபோது கல்லீரலுக்கு ஆகாதே என்று தயங்கினேன். கொழுப்புக் கல்லீரல் உள்ளவர்கள் அதை எடுக்கலாம், எடுக்க வேண்டியவர்கள் பயத்தில் விட்டுவிடுவதுதான் கெடுதல் என்று மருத்துவர் சொல்லிப் புரிய வைத்தார்.

84 கிலோவிலிருந்து 77க்கு வர எனக்குப் பதினோரு மாதம் ஆனது. மூன்றாவது முறை, அதே இடம், அதே எக்ஸ்எல் முனை, அதே வெறும் வயிறு: 5.7 கிலோபாஸ்கல், கேப் 258. எஸ்ஜிபிடி 33.

ஐந்துக்கு நான்கு தருவேன். வலி இல்லை, ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை, பத்து நிமிடம், இரண்டு எண்ணில் பதில். ஒரு மதிப்பெண்ணைக் குறைத்தது கருவிக்காக இல்லை, அந்த எண்ணை விளக்க ஒரு ஆளை உட்கார வைக்காமல் தாளை மட்டும் நீட்டும் வழக்கத்துக்காக. போகிறவர்கள் மூன்று மணி நேரம் சாப்பிடாமல் போங்கள், சொல்லாவிட்டாலும். எந்த முனை, எத்தனை அளவீடு, ஐக்யூஆர் எவ்வளவு என்று தாளில் இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள், இல்லையென்றால் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். மறுமுறையும் அதே கருவியில் எடுங்கள், வேறு வகை இயந்திரத்தின் எண்ணை இதோடு ஒப்பிட முடியாது.

என் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுத் தங்கையும் பயந்துபோனாள், அவளுக்கும் அல்ட்ராசவுண்டில் கிரேடு 1 என்று வந்திருந்தது, எங்கே எடுக்கலாம் என்று போனில் கேட்டாள். அவளுடைய ரத்த ரிப்போர்ட்டை வாங்கிக் கணக்குப் போட்டேன், ஃபிப்-4 0.8 வந்தது. அவளுடைய மருத்துவரும் அதையே பார்த்துவிட்டு இப்போது ஃபைப்ரோஸ்கேன் வேண்டாம், இரண்டு வருடம் கழித்து இதே கணக்கை மறுபடி போட்டுப் பார்க்கலாம் என்றிருக்கிறார். இப்போதைக்கு அவள் நிறுத்தியிருப்பது பழச்சாறு.